கீழ்ச்சிலிண்டரியல்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கிளட்ச் கீழ் சிலிண்டர் என்பது காரின் கியர்பாக்ஸ் ஓரத்தில் இரண்டு போல்ட்டில் தொங்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகக் குழல். உள்ளே ஒரு பிஸ்டன், பிஸ்டன் தலையில் ஒரு ரப்பர் கப், அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், வாயில் தூசி புகாமலிருக்க ஒரு ரப்பர் உறை, அதன் வழியே வெளியே நீளும் ஒரு தள்ளுகம்பி, உச்சியில் காற்று வெளியேற ஒரு நிப்பிள். உறுப்புகள் இவ்வளவே. பார்ட்ஸ் புத்தகம் இதை ஸ்லேவ் சிலிண்டர் என்னும். பட்டறை கீழ் சிலிண்டர் என்னும். பெடலை ஒட்டி மேலே இருப்பது மாஸ்டர் சிலிண்டர் ஆகையால் அது மேல் சிலிண்டர். இரண்டையும் இணைப்பது விரலினும் மெல்லிய ஒரு குழாய். குழாய்க்குள் இருப்பது பிரேக் ஆயில். கிளட்சுக்குத் தனி ஆயில் உண்டு என்று நம்புவோர் இன்னும் இருக்கின்றனர்; அவர்களது நம்பிக்கையை எந்தக் கடைக்காரரும் ஆதரித்ததில்லை.

இவ்வியலின் எல்லையை முதலிலேயே வரையறுத்துவிடுதல் நன்று. எல்லாக் கார்களுக்கும் கீழ் சிலிண்டர் இல்லை. 1983 டிசம்பரில் வெளிவந்து முப்பது ஆண்டுகள் ஓடிய மாருதி 800 வண்டியில் கிளட்சை இழுத்தது வெறும் கேபிள். கேபிள் அறுந்தால் அறுந்தது. அதில் ஆராய ஒன்றும் இல்லை. ஆனால் 1994-ல் வந்த டாடா சுமோ, 2000-த்தில் வந்த டொயோட்டா குவாலிஸ், அதன் பின் 2005-ல் வந்த இன்னோவா போன்ற வண்டிகளில் கால் சொல்வதைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது திரவம். ராமேசுவரத்துக்கும் கொடைக்கானலுக்கும் மதுரையிலிருந்து சவாரி போகும் வாடகை வண்டிகளில் பெரும்பங்கு இந்த இனத்தைச் சேர்ந்தது. ஆகவே இவ்வாய்வுக்கு இவ்வூர் பொருத்தமான களம்.

வேலை நடக்கும் விதம்

ஓட்டுநர் பெடலை மிதிக்கிறார். மேல் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியே வந்து கீழ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. தள்ளுகம்பி ஒரு கவையை அசைக்க, கவை ஒரு பேரிங்கை நகர்த்த, பேரிங் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களை அமுக்க, கிளட்ச் பிளேட் எஞ்சினின் பிடியிலிருந்து விலகுகிறது. அந்த விலகல் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அந்த இடைவெளியில்தான் கியர் மாறுகிறது.

கணக்கு பார்த்தால் விஷயத்தின் சிறுமை விளங்கும். எடுத்துக்காட்டாக மேல் சிலிண்டரின் விட்டம் 15.87 மி.மீ., கீழ் சிலிண்டரின் விட்டம் 19.05 மி.மீ. என்று கொள்க. இவை வழக்கில் உள்ள அளவுகளே. பெடலின் நெம்புகோல் விகிதம் ஐந்துக்கு ஒன்று. கால் 10 கிலோ அழுத்தினால் மேல் சிலிண்டரில் அது 50 கிலோ ஆகிறது. கீழ் சிலிண்டரின் பரப்பு 1.44 மடங்கு ஆகையால் அங்கே 72 கிலோ ஆகிறது. குழாய்க்குள் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ, அதாவது கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். பலம் கூடினால் பயணம் குறைய வேண்டும் என்பது இயற்கையின் கறார். பெடல் 140 மி.மீ. இறங்கினால் மேல் பிஸ்டன் 28 மி.மீ. நகரும், கீழ் பிஸ்டன் 19 மி.மீ. சொச்சம்தான் நகரும்.

இவ்வளவுக்கும் இடம் பெயரும் ஆயில் எவ்வளவு? 5.5 மில்லிலிட்டர். இருமல் மருந்துக் கரண்டியில் ஒரு கரண்டிக்குச் சற்று மேல். ஒன்றரை டன் வண்டி கீழவாசலில் பின்னால் வரவும் முன்னால் போகவும் முடியாமல் நிற்பதற்கும், பின்னால் உள்ளோர் ஹாரனிலிருந்து கை எடுக்காமல் இருப்பதற்கும், காருக்குள் குடும்ப வரலாறு முழுதும் மீள்பார்வைக்கு வருவதற்கும் இந்த ஒரு கரண்டியில் உண்டாகும் குறையே போதுமானது. ஒரு மில்லி குறைந்தால் கீழ் பிஸ்டன் பயணத்தில் 3.5 மி.மீ. குறைகிறது. இரண்டு மில்லி குறைந்தால் பிளேட் முழுதாக விலகுவதில்லை. கியர் விழுவதில்லை.

வரலாறு

அடைபட்ட திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று கண்டு சொன்னவர் பிரெஞ்சு நாட்டு பிளேஸ் பாஸ்கல். அவர் பிறந்த 1623-ஆம் ஆண்டில்தான் மதுரையில் திருமலை நாயக்கர் அரியணை ஏறினார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ இதுவரை எவரும் முயலவில்லை, இக்கட்டுரையும் முயலவில்லை. ஆயினும் மாசியில் நடந்துவந்த தேரோட்டத்தைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர் என்பது ஊர் வழக்கு. மாதம் மாறியும் தேர் இன்றுவரை மாசி வீதியில்தான் ஓடுகிறது. அத்தேருக்குக் கிளட்ச் கிடையாது. வடம் பிடிப்போரும் சக்கரமும் இடைவிடாமல் இணைந்தவர்கள். நிறுத்த வேண்டுமானால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவதே வழி. இயக்குவதையும் இயங்குவதையும் தற்காலிகமாகப் பிரித்துவைக்கும் ஓர் ஏற்பாடு அக்காலத்து வாகனவியலில் தேவைப்படவில்லை என்பது இதனால் பெறப்படும்.

பாஸ்கலின் ஆய்வு நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663-ல், அச்சேறியது. அழுத்தத்தைக் கூட்டினால் காற்றின் பருமன் அதே விகிதத்தில் குறையும் என்று ராபர்ட் பாயில் வெளியிட்டது அதற்கு முந்தைய ஆண்டு. கிளட்ச் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு முன்னவரும், ஏன் வேலை செய்வதில்லை என்பதற்குப் பின்னவரும் ஒரே சமயத்தில் விளக்கம் தந்துவிட்டனர். கார் வருவதற்குத்தான் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மதுரையில் மோட்டார் வரலாறு டி.வி. சுந்தரம் அய்யங்காரில் தொடங்குகிறது. டி.வி.எஸ். குழுமம் தன் தோற்றத்தை 1911-லிருந்து கணக்கிடுகிறது. பேருந்துத் தொழிலே அதன் தொடக்கம். கியர்களின் வேகத்தைச் சமன்செய்து சேர்க்கும் சின்க்ரோமெஷ் ஏற்பாடு அமெரிக்கக் காடிலாக் வண்டிகளில் வந்தது 1928-ல். ஆகவே அதற்கு முன் மதுரைச் சாலையில் ஓடிய பேருந்துகளின் ஓட்டுநர்கள் பெரும்பாலும் டபுள் கிளட்ச் போட்டே கியர் மாற்றியிருக்க வேண்டும்: ஒருமுறை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதித்துக் கியர். அந்த வித்தையைக் கற்றவர்களுக்குக் கிடைத்த மரியாதை இன்று எந்த ஓட்டுநருக்கும் இல்லை. அதே குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. டி.வி.எஸ். கெர்லிங் என்ற பெயர் பொறித்த ஆயில் டப்பாவும் சிலிண்டரும் மதுரைப் பார்ட்ஸ் கடை அலமாரிகளுக்கு வந்து சேர்ந்தது இவ்வழியில். ஆக, மதுரையில் முளைத்தது பாடிக்குப் போய் டப்பாவில் அடைபட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

நகரமைப்பும் இங்கே கருதத்தக்கது. கோவிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது வெளி வீதிகள் கிடைத்தன. விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்பது. அந்த வேலையில் பங்குகொண்ட மேஸ்திரி ஒருவரது பெயரைப் பெருமாள் மேஸ்திரி வீதி இன்றும் தாங்குகிறது. மேஸ்திரிக்குத் தெரு வைத்த ஊர் மெக்கானிக்குக்கும் ஒருநாள் வைக்கக்கூடும். சதுர வீதிகளின் விளைவு, வண்டி எந்தப் பக்கம் போனாலும் செங்கோணத் திருப்பத்தில் போய் முட்டுவது. திருப்பத்துக்குத் திருப்பம் இரண்டாம் கியர், இரண்டு திருப்பத்துக்கு நடுவே மாடு, மாட்டுக்கு முதல் கியர். கட்டியவர்கள் தேரை நினைத்துக் கட்டினார்கள். ரப்பர் கப்பை நினைக்கவில்லை.

திணையும் துறையும்

வைகைச் சமவெளி வயல் சார்ந்த மருத நிலம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். கிளட்ச் பழுது முதன்முதலில் தலைகாட்டுவதும் ஊடலாகவே என்பது இத்துறையில் போதிய கவனம் பெறாத உண்மை. இதன் முதற்பொருளுள் நிலம் கோரிப்பாளையம், பெரும்பொழுது வேனில், குறிப்பாக அழகர் ஆற்றில் இறங்கும் நாட்கள், சிறுபொழுது மாலை. கருப்பொருள்: ஷேர் ஆட்டோ, நகரப் பேருந்து, எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி. தலைவன் ஓட்டுநர் இருக்கையில். தலைவி பக்கத்து இருக்கையில். தோழி இடத்தில் பின் இருக்கையில் தலைவியின் தாயார்.

கியர் கிர்ரென்று கத்துகிறது. தலைவி, ஓட்டத் தெரியவில்லை என்கிறாள். தலைவன், வண்டி சரியில்லை என்கிறான். தாயார், மாப்பிள்ளை வாங்கும்போதே இந்த வண்டி வேண்டாம் என்று தாம் சொன்னதை நினைவூட்டுகிறார். மூவரில் தலைவன் கூற்றே இயந்திரவியலுக்கு நெருக்கமானது. ஆனால் ஏற்கப்படுவது அன்று. எஞ்சிய காரணகர்த்தாக்களாக முறையே கியர்பாக்ஸ், சர்வீஸ் விட்ட இடம், கடைசியாக வண்டியை இரவல் கேட்டு வாங்கிப்போன மைத்துனர் ஆகியோர் சுட்டப்படுவர். ரப்பர் கப்பைச் சுட்டியவர் ஒருவரும் இல்லை.

குறிகள்

கீழ் சிலிண்டர் பழுதின் தலையாய குறி, எஞ்சின் ஓடும்போது கியர் விழாததும் அணைத்தால் தடையின்றி விழுவதும். காரணம் எளிது. பிளேட் முழுதாக விலகாவிட்டால் எஞ்சின் கியர்பாக்ஸின் உள்தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும்; சுழலும் தண்டோடு நிற்கும் கியர் சேராது. எஞ்சின் அணைந்தால் தண்டும் நிற்கும். ரிவர்ஸ் கியருக்குப் பெரும்பாலான வண்டிகளில் சின்க்ரோமெஷ் கிடையாது. ஆகவே முதல் கூக்குரல் அங்கிருந்தே வரும். மதுரைப் பட்டறைகளில் இந்நோய் அறியும் முறை பின்வரும் வடிவில் வழங்கும்:

"அண்ணே, கியர் விழ மாட்டேங்குதுண்ணே."

"ஆஃப்ல விழுதா?"

"ஆஃப்ல விழுதுண்ணே."

"அப்ப பாக்ஸு இல்ல. கீழ பாரு."

இதைவிடச் சுருக்கமான ஆய்வு நெறி எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

பிற குறிகளும் உண்டு. பெடல் பஞ்சாக இறங்கும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தால் சற்று நேரம் சரியாகும். ஒவ்வொரு மிதிக்கும் மேல் சிலிண்டர், தனக்கு ஆயில் ஊட்டும் டப்பாவிலிருந்து புது ஆயிலை இழுத்துக் குறையை ஈடுகட்டுவதால் இது. முதல் கியரில் பெடலை முழுதும் அமுக்கியிருந்தும் வண்டி மெல்ல ஊர்ந்து முன்னால் நிற்கும் ஆட்டோவை முத்தமிடப் போகும். டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும். கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பார்த்தால் ஈரம் இருக்கும். இந்த ஈரம் ஒன்றே ஐயம் தீர்க்கும் சான்று; மற்றவை அனுமானம்.

இதனோடு மயங்குவன இரண்டு. மேல் சிலிண்டர் பழுதானாலும் பெடல் இறங்கும். ஆனால் அப்போது ஆயில் ஒன்று பெடல் தண்டு வழியே வழிந்து மிதியடியை நனைக்கும், அல்லது எங்குமே ஒழுகாமல் உள்ளுக்குள்ளேயே கப்பைத் தாண்டிப் பின்வாங்கும். இரண்டாவது மயக்கம் பெரியது. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் வண்டி இழுக்காது, எஞ்சின் மட்டும் கத்தும். அங்கே கிளட்ச் பிடிக்கவில்லை. இங்கே கிளட்ச் விடவில்லை. பிடிக்காததும் விடாததும் ஒன்றென்று கொண்டு புதுப் பிளேட்டுக்குப் பணம் கொடுத்தவர்களின் எண்ணிக்கை கணக்கிடப்படவில்லை. அவர்கள் வெளியில் சொல்வதில்லை.

காரணம்

குற்றவாளி தண்ணீர். பிரேக் ஆயில் என்று அழைக்கப்பட்டாலும் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகை இரசாயனம். காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்வது அதன் குணம். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அது 155 பாகைக்கு இறங்கலாம். டாட் 3 வகைக்கு அவ்வெல்லைகள் 205, 140. சித்திரை வெயிலில் நகராத போக்குவரத்தில் எஞ்சின் அறைக்குள் வேகும் பழைய ஆயில் ஆவிக் குமிழ் விடுவதற்கு அதிக தூரம் இல்லை. காலையில் நன்றாக விழுந்த கியர் பிற்பகலில் விழாமல், இரவு குளிர்ந்தபின் மீண்டும் விழுவதன் மர்மம் இதுவாகவும் இருக்கலாம்.

அதைவிடக் கெடுதல், கரைந்த நீர் சிலிண்டரின் உட்சுவரை அரிப்பது. கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். மிதிக்கு மிதி கப் அக்குழிகளின் மேல் உரசும். உதடு கிழியும். பிறகு போகும் வழியில் ஆயிலும், வரும் வழியில் காற்றும் கசியும். உள்ளே புகுந்த காற்றைப் பற்றிப் பாயில் சொன்னது இங்கே பலிக்கிறது: சாதாரண அழுத்தத்தில் ஒரு மில்லி இடம் அடைத்த காற்று, 25 கிலோ அழுத்தத்தில் ஏறத்தாழ இருபத்தாறில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். காலின் உழைப்பு அதை ஒடுக்குவதிலேயே செலவாகும். கீழ் பிஸ்டனுக்குச் செய்தி போய்ச் சேராது.

மோட்டார் யுகத்தின் தொடக்கத்தில் பிரேக் ஆயிலாக இருந்தது விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவை. அது வழக்கொழிந்து, பின்வண்டிக்காரர் முன்வண்டிக்காரரை விளிக்கும் சொல்லாக மட்டும் இன்று எஞ்சியிருக்கிறது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், மண்ணெண்ணெய் ஆகியவை பட்டால் இன்றைய ரப்பர் கப் ஊதிப் பெருத்துவிடும். ஊதிய கப்பை எதுவும் சரிசெய்யாது. அவசரத்துக்கு எதையாவது ஊற்றிவைப்பது ஒரு நாள் பயணத்துக்காக மேல், கீழ் இரண்டு சிலிண்டரையும் பலி கொடுப்பதாகும்.

இரு பள்ளிகள்

சிகிச்சையில் கருத்து வேற்றுமை உண்டு. கிட் பள்ளியினர் கப், உறை, ஸ்பிரிங் அடங்கிய சிறு பொட்டலத்தை வாங்கிப் பழைய சிலிண்டருக்குள்ளேயே போட்டால் போதும் என்பர். செட் பள்ளியினர் சிலிண்டரையே முழுதாக மாற்ற வேண்டும் என்பர். முன்னவர் தரப்பில் சிக்கனமும் கைத்திறன் மீதுள்ள பெருமையும் நிற்கின்றன. பின்னவர் தரப்பில் அரித்த சுவர் நிற்கிறது. குழி விழுந்த சுவரில் புதுக் கப்பை ஓடவிட்டால் பழைய கப்பின் கதியே அதற்கும் நேரும்; வித்தியாசம், வண்டிக்காரர் இரண்டு முறை கூலி கொடுப்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது ஒரு சமரசம். அதில் விட்டம் கூடிப்போக, கப் தளர்ந்து நிற்கும். சுவர் கண்ணாடியாக இருந்தால் கிட் போதும். நகம் வைத்து இழுத்தால் தட்டுப்படும் சுவருக்கு முழுச் சிலிண்டரே மருந்து என்பது இக்கட்டுரையின் துணிபு. நாள்பட்ட வண்டிகளில் நகம் பெரும்பாலும் தட்டுப்படும்.

மாற்றும் முறை

மெக்கானிக் வண்டிக்கடியில் பலகையில் படுத்துச் சறுக்கிப் போவது முதல் படி. சங்கப் பலகை புலமை உள்ளவருக்கு மட்டும் இடம் கொடுத்ததாகச் சொல்வர். பட்டறைப் பலகை தொப்பை இல்லாதவருக்கு மட்டும் இடம் கொடுக்கும். இதனால் அனுபவம் முதிர்ந்த மெக்கானிக் வெளியே முக்காலியில் அமர்ந்து உரை சொல்ல, சீடப்பிள்ளை உள்ளே மூலத்தோடு போராடுவான்.

குழாயின் நட்டைத் தளர்த்துவதே வேலையின் ஆபத்தான பகுதி. அந்த நட் மென்மையானது. சாதாரண ஸ்பேனரை வைத்து முக்கினால் ஆறு முனையும் மழுங்கி வட்டமாகிவிடும். பிறகு குழாயையே மாற்ற நேரும். நட்டை முழுதும் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் ஸ்பேனர் ஒன்று எந்தப் பட்டறையிலும் இருக்கும், அன்றைக்கு யாரோ கேட்டு வாங்கிப் போயிருப்பார். ஹோஸ் வகையாக இருந்தால் போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும். பழையதைத் திருப்பிப் போடும் வழக்கம் பரவலாக உள்ளது. அது பரவலாக ஒழுகவும் செய்கிறது.

குழாய் கழன்றதும் ஆயில் சொட்டும். அது பெயிண்டைத் தின்னும் ஆகையால் பட்ட இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இரண்டு போல்ட்டைக் கழற்றினால் சிலிண்டர் கையோடு வரும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விட்டம், போல்ட் துளை, தள்ளுகம்பியின் நீளம் ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். கடைக்காரர் "அதே மாடல்தாண்ணே" என்று சொன்னது ஒப்பீட்டுக்கு மாற்று ஆகாது. கம்பியின் நுனியில் சிறிது கிரீஸ் தடவிக் கவையின் குழியில் உட்காரவைத்து, இரண்டு போல்ட்டையும் இறுக்கி, குழாயை முதலில் கையாலேயே திரித்து ஏற்றிப் பின்பு ஸ்பேனர் போட வேண்டும். சிலிண்டர் கழன்றிருக்கும் நேரத்தில் எவரும் பெடலை மிதிக்கலாகாது. குழாய் மாட்டியிருந்தால், எதிர்த்து நிற்கக் கவை இல்லாத பிஸ்டன் வெளியே துள்ளி விழும். வண்டிச் சொந்தக்காரர் ஆர்வத்தில் உள்ளே ஏறி உட்கார்ந்து கால் வைப்பது இந்தத் தருணத்தில்தான். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வெளியே உட்கார வைப்பது முறை.

ஏர் எடுத்தல்

சிலிண்டர் மாட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவோர் இத்துறைக்குப் புதியவர்கள். உள்ளே இருப்பது இப்போது பெரும்பாலும் காற்று. அதை வெளியேற்றும் கிரியைக்கு இருவர் தேவை. ஒருவர் பெடலில், ஒருவர் அடியில் நிப்பிளருகே. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குரல் மட்டுமே தொடர்பு. ஆகவே சொற்கள் வரையறுக்கப்பட்டுள்ளன.

"மிதி... மிதி... மிதி... பிடிச்சுக்க."

நிப்பிள் திறக்கப்படுகிறது. மாட்டியிருக்கும் கண்ணாடிக் குழாய் வழியே நுரையும் ஆயிலும் பாட்டிலில் விழுகின்றன. பெடல் தரைக்கு இறங்குகிறது.

"எறங்கிருச்சுண்ணே."

"விட்றாத!"

நிப்பிள் மூடப்படுகிறது.

"இப்ப விடு."

இதில் "விட்றாத" என்பதற்கும் "இப்ப விடு" என்பதற்கும் இடைப்பட்ட மூன்று விநாடியே முழுக் கிரியையின் உயிர்நிலை. அதற்குள் காலை எடுத்துவிட்டால் வெளியேறிய காற்றை நிப்பிள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், எல்லாம் முதலிலிருந்து. மேலே இருப்பவர் "விட்றாத" என்பதில் "விடு" என்ற ஒலியை மட்டும் கேட்டுச் செயல்படுவது இயல்பு. அதன்பின் அடியிலிருந்து எழும் சொற்கள் வரையறைக்கு உட்பட்டவை அல்ல. அவற்றைத் தொகுப்பது வேறோர் ஆய்வாளரின் பணி.

குழாயின் நுனி பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருந்தால் பிழை பொறுக்கப்படும். காற்றுக்குப் பதில் ஆயிலே திரும்பும். ஆள் இல்லாதபோது நிப்பிளைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதும் ஒரு முறை. டப்பா மேலே இருப்பதால் ஆயில் தானாக இறங்கிக் காற்றைத் தள்ளிவிடும். பொறுமை உள்ளவருக்கே அது ஒத்துவரும்.

இவ்வளவு நேரமும் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாகாது. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அது காலியானால் பிரேக் குழாயிலும் காற்று ஏறிவிடும். கியர் விழாத வண்டி நின்ற இடத்தில் நிற்கும், பிரேக் பிடிக்காத வண்டி நிற்காது. பாட்டிலில் வடிந்த பழைய ஆயில் தெளிவாகத் தெரிந்தாலும் அதைத் திரும்ப ஊற்றக் கூடாது. திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த பாதி டப்பாவுக்கும் இதே விதி. சிலிகான் வகையான டாட் 5 இவற்றோடு சேராது, டாட் 5.1 என்பது வேறு, அது சேரும். எண் வைத்தவர்கள் இந்த ஒரு புள்ளியில் ஏன் இவ்வளவு சிக்கனம் காட்டினார்கள் என்பது விளங்கவில்லை.

விளைவு

எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுதும் அமுக்கிச் சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். சத்தமின்றி விழுந்தால் வேலை முடிந்தது. பெடலின் தொடக்கத்தில் சிறிது தளர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அறவே இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் அழுந்தி நின்று தேயும், அதிகமாக இருந்தால் பழைய நோய் புதுச் சிலிண்டரிலும் தொடரும். மறுநாள் காலை உறையை மீண்டும் விலக்கி ஈரம் பார்ப்பது நல்ல வழக்கம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது அதனினும் நல்ல வழக்கம். சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டால் ஆயில் விலை பொருட்டே இல்லை. எனினும் எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றும் குடும்பங்களிலும் பிரேக் ஆயில் வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படியே கிடந்து காபி நிறத்துக்கு வந்திருக்கும்.

கியர் விழத் தொடங்கியபின் ஊடல் தணியும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தலைவன் தன் வாதம் நிரூபணமானதை எடுத்துரைக்காமல் இருந்தால் மட்டும்.

உள்வகை

மேற்சொன்ன யாவும் கியர்பாக்ஸுக்கு வெளியே தொங்கும் சிலிண்டருக்கே பொருந்தும். பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் சிலிண்டர் வளைய வடிவில் கியர்பாக்ஸின் உள்தண்டைச் சுற்றி உட்கார்ந்து, கவையே இல்லாமல் நேராகப் பேரிங்கைத் தள்ளும். பொறியியல் நோக்கில் அது நேர்த்தியானது. உறுப்பு குறைவு, தேய்மானம் குறைவு. ஆனால் ஒழுகினால் கியர்பாக்ஸை இறக்காமல் தொட முடியாது. ஒழுகிய ஆயில் பிளேட்டில் பட்டால் பிளேட்டும் போகும். ஆகவே இவ்வகை வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றும் ஒவ்வொரு முறையும், நன்றாக இருந்தாலும், சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிடுவதே அறிவு. அதை மிச்சம் பிடித்தவர் சில மாதங்களில் அதே பாக்ஸை இறக்கி ஏற்ற மறுபடி கூலி கொடுப்பார்.

எனவே கியர் விழாத வண்டியோடு பட்டறைக்குப் போகும் வாசகர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டிக்குக் கீழ் சிலிண்டர் வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? உள்ளே என்றால் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். மனத்தையும் பணத்தையும் தயார் செய்துகொள்ளலாம். வெளியே இருந்தும், அதன் உறையை விலக்கிக்கூடப் பார்க்காமல் பாக்ஸை இறக்கச் சொன்னால் வேறு பட்டறை பார்க்கவும்.